பாக்கியம் சொல்லாத பெயர்

ஓய்வு பெற்றவர்கள் உத்தியோக நினைவுகளை எழுதுவது வழக்கம். எனக்கு இன்னும் முப்பது வயது ஆகவில்லை. மகள் இப்போதுதான் கோர்வையாகப் பேசத் தொடங்கியிருக்கிறாள். இருந்தாலும் நானும் ஓய்வு பெற்றவள்தான். ஜப்பான்காரர் காலத்தில் மலாயாவில் தம்பின் என்ற ஊரின் நில அலுவலகத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். வெள்ளைக்காரர் திரும்பி வந்ததும் பழைய ஊழியர்களும் வந்தார்கள், புதியவர்களும் சேர்ந்தார்கள், நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. இருக்கச் சொல்லவும் இல்லை. அதை நான் எப்படி எடுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று இன்னும் யோசிக்கிறேன்.

சென்ற மாதம், என் இடத்தில் இப்போது வேலை பார்க்கும் தனபால் என்ற இளைஞர் எங்கள் ரப்பர் தோட்டத்துக்குச் சைக்கிளில் வந்தார். ஜப்பான் காலத்து உத்தரவுகளில் எது செல்லும், எது செல்லாது என்று அலுவலகத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அப்போது விதித்த வரிகள், கடை லைசென்ஸ், நில அனுமதி எல்லாமே அந்தச் சல்லடையில்தான் விழுகின்றன. சரியான காரணம் காட்டாத அனுமதிகளை ரத்து செய்யப்போகிறார்களாம்.

"அக்கா, பாக்கியம்னு ஒரு அம்மாவோட அனுமதி. அதுல மூணு வரி யாருக்கும் புரியல. எழுதுனவரு தப்பா எழுதிட்டாருன்னு புதுத் துரை சொல்றாரு."

"அதிகாரி சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன் தம்பி."

அவர் சற்று நெளிந்தார். நான் அந்த மூன்று வரியையும் சொன்னேன். எனக்கு மனப்பாடம். 'உரிமை கோரிய பெண் தன் கணவர் பெயரைச் சொல்லவில்லை. மொழிபெயர்ப்பாளரும் தன் கணவர் பெயரைச் சொல்லவில்லை. எனக்கு இது போதும்.'

"அதேதான். பேர் சொல்லாததுக்கா நிலம் குடுத்தாங்க?"

ஆமாம், அதற்குத்தான். நடந்ததை அவரிடம் சொன்னேன். அவர் போன பிறகு சரியாகச் சொன்னேனா, ஏதாவது விட்டுவிட்டேனா என்று மனம் அடித்துக்கொண்டது. அந்த அனுமதி போனால் பாக்கியத்துக்கும் அவள் இரண்டு பிள்ளைகளுக்கும் வேறு ஒன்றும் இல்லை. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

நான் அந்த வேலைக்குப் போனது விரும்பி அல்ல. என் அப்பா தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. சிரம்பானில் கான்வென்ட்டில் படிக்க வைத்தார். கணவர் கெமாஸில் ரயில்வே தந்திப் பிரிவில் இருந்தார். ஜப்பான்காரர்கள் அவரை ரயிலோடு வடக்கே அனுப்பிவிட்டார்கள். கைக்குழந்தையோடு அப்பாவிடம் வந்து சேர்ந்தேன். தமிழும் மலாயும் எழுதத் தெரிந்த ஆள் தேவை என்று அலுவலகத்திலிருந்து சொல்லி அனுப்பியபோது அப்பா, "அரிசிப் பங்கு தருவாங்களாம். போய் வா," என்றார். அவ்வளவுதான் என் நியமனம்.

அங்கே அதிகாரியாக இருந்தவர் என்சே இட்ரிஸ். 'என்சே' மலாயில் 'திரு' மாதிரி; நேரில் அவரை 'துவான்', அதாவது 'ஐயா' என்போம். ரெம்பாவ் பக்கத்து மலாய்க்காரர். வெள்ளைக்காரர் காலத்திலேயே அந்த அலுவலகத்தில் இருந்தவர். அவர் எனக்குக் கொடுத்த பயிற்சி ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிட்டது.

"அவர்கள் சொல்வதில் ஒன்றும் சேர்க்காதீர்கள். ஒன்றும் விடாதீர்கள். பொய் சொன்னால் பொய்யையே மொழிபெயருங்கள். அதைக் கண்டுபிடிப்பது என் வேலை," என்றார். பிறகு என் தோளில் தூங்கிய குழந்தையைப் பார்த்தார். "இவர் எங்கே உட்காருவார்?"

அவரே கோப்பு அறைக்குள் போய், இரண்டு அலமாரிகளுக்கு நடுவே கிடந்த மூங்கில் கழியை ஆட்டிப் பார்த்து, "தாங்கும்," என்றார். அந்தக் கழியில் என் புடவையைத் தொட்டிலாகக் கட்டினேன். அன்றிலிருந்து விசாரணையில் யாராவது குரலை உயர்த்தினால் அவர் பென்சிலால் கோப்பு அறையைக் காட்டுவார். "உள்ளே ஒரு பெரிய அதிகாரி தூங்குகிறார்," என்பார். சண்டைக்கு வந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டுக் குரலைத் தணிப்பார்கள். தமிழில் அவருக்குத் தெரிந்த ஒரே சொல் 'அம்மா'. என்னை அப்படித்தான் கூப்பிட்டார்.

அப்போது கடிகாரங்கள் டோக்கியோ நேரத்தில் ஓடின. இருட்டு விலகுமுன்பே அலுவலக நேரம் வந்துவிடும். சிப்பாய்கள் கண்ணில் அழகாகப் படக் கூடாதென்று முகத்தில் அடுப்புக்கரியைப் பூசிக்கொண்டு, அப்பா துணைக்கு வர, பெரிய சாலையான சடக்கு ஓரமாகவே நடந்து வருவேன். ஜப்பான் சக்கரவர்த்தி இருக்கும் கிழக்கே பார்த்து வணங்கிவிட்டுத்தான் அலுவலகத்துக்குள் நுழைய வேண்டும். என்சே இட்ரிஸ் எல்லாரையும் போல வணங்குவார். உள்ளே வந்ததும் நான் முகம் கழுவத் தண்ணீர் எடுத்து வைக்கச் சொல்லியிருப்பார். கரியைப் பற்றி ஒரு நாளும் ஒரு சொல் கேட்டதில்லை.

எங்களிடம் வந்த வழக்குகளில் பெரும்பாலானவை தற்காலிக அனுமதி பற்றியவை. ஆற்றோரத்திலும் ரயில் ஓடும் கம்பிச்சடக்கு ஓரத்திலும் தோட்டத்து எல்லையிலும் சும்மா கிடந்த அரசாங்க நிலத்தில் பயிர் செய்துகொள்ள, ஆண்டுக்கு ஒரு முறை வரி கட்டிப் பெறும் அனுமதி அது. முன்பெல்லாம் அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. அரிசி இல்லாமல் போனதும், மரவள்ளி நட ஒரு துண்டு மண் இருந்தவர்கள்தான் பிழைத்தார்கள். சும்மா கிடக்கும் நிலத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று உத்தரவும் வந்தது. அதே சமயத்தில் தோட்டங்களிலிருந்து ஆண்களைச் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். அனுமதி அவர்கள் பெயரில் இருந்தது. ஆள் இல்லை. தவணை வந்தால் யார் புதுப்பிப்பது?

மனைவி இருந்தால் மனைவி, இல்லாவிட்டால் உடன்பிறந்தவர் என்று என்சே இட்ரிஸ் முறை வைத்தார். ஆனால் பசிக்காலத்தில் முன்பின் தெரியாதவர்கள்கூட, "அவன் என் அண்ணன், இவன் என் தம்பி," என்று வந்து நின்றார்கள். அதனால் உரிமை கேட்டு வருகிறவர் மூன்று விஷயங்களைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டும் என்றார். அனுமதிக்காரர் பெயர், நிலத்தின் நான்கு எல்லை, அதில் என்ன நட்டிருக்கிறது. பக்கத்தில் நிற்பவர் எடுத்துக் கொடுக்கக் கூடாது. ஒரு முறை ஒருவர் எல்லையையும் பயிரையும் அச்சாகச் சொல்லிவிட்டுத் 'தம்பி'யின் பெயரை மட்டும் மாற்றிச் சொன்னார். "தம்பியைக் கண்டால் என்னிடம் அனுப்புங்கள். அவர் பெயரை நானே சொல்லித் தருகிறேன்," என்று என்சே இட்ரிஸ் அவரை அனுப்பிவைத்தார்.

அவரிடம் நான் வியந்த இன்னொரு வழக்கம் உண்டு. தீர்ப்புச் சொல்லும்போது முதலில் தோற்றவரிடம் பேசுவார். ஏன் கிடைக்கவில்லை என்று அவருக்குப் புரியும் வரை சொல்வார். வென்றவர் காத்திருக்க வேண்டும். "வென்றவருக்குக் காரணம் தேவையில்லை," என்பார்.

பாக்கியம் லாபு பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, கல்யாணமாகித் தம்பின் பக்கம் வந்தவள். என் வயதுதான் இருக்கும். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று பிள்ளைகளோடு வந்தாள். சாக்குத் துணியைப் பாவாடையாகத் தைத்து உடுத்தியிருந்தாள். கணவரைச் சயாமுக்குக் கொண்டுபோய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆற்றோரத்து நிலத்துக்கு அவளும் உரிமை கேட்டாள். கணவரின் அண்ணன் மாரிமுத்துவும் கேட்டார். அவர் அதே தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர். இவள் தன் தம்பிக்கு மனைவியே அல்ல, சும்மா சேர்ந்து இருந்தவள் என்பது அவர் மனு. அவர்களுடைய தங்கை அஞ்சலையும் அண்ணனோடு வந்து பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மாரிமுத்து கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். அவர் வீட்டில் பிள்ளைகள் அதிகம். எல்லாரையும் பசிதான் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது.

மாரிமுத்து மூன்றையும் கடகடவென்று சொல்லி முடித்தார். அடுத்து பாக்கியம்.

"அனுமதிக்காரர் பெயர் என்ன?" என்று என்சே இட்ரிஸ் கேட்டதை நான் தமிழில் கேட்டேன்.

பாக்கியம் குனிந்துகொண்டாள்.

"பேரச் சொல்லும்மா," என்றேன்.

"இவங்கப்பாதான்," என்று இடுப்பிலிருந்த பிள்ளையைக் காட்டினாள்.

அதை அப்படியே மொழிபெயர்த்தேன். "பெயர்?" என்று மறுபடியும் கேட்டார். அவள் வாய் திறக்கவில்லை. காது மடல் சிவந்துபோனது.

மாரிமுத்து விடவில்லை. "பாத்தீங்களா துவான். பேரே தெரியல. பொண்டாட்டியாம். கழுத்தப் பாருங்க, தாலி இருக்கான்னு."

"தாலிய வித்துத்தான கஞ்சி காச்சினேன்," என்றாள் பாக்கியம் தரையைப் பார்த்தபடி. "மஞ்சள்தான் கட்டிருக்கேன். வேணும்னா பாத்துக்கச் சொல்லுங்க அக்கா."

கஞ்சியையும் மஞ்சளையும் மொழிபெயர்த்தேன். ஆனால் அவள் மௌனத்தை எப்படி மொழிபெயர்ப்பது? அதற்கு முன்பு வந்த பெண்கள் எல்லாம் அப்பனோடோ மாமனோடோ வந்தார்கள். பெயரை அவர்கள் சொல்லிவிடுவார்கள். தனியாக வந்த முதல் பெண் இவள். என்சே இட்ரிஸ் பென்சிலைத் தாளில் வைத்துவிட்டார். 'பெயர் தெரியவில்லை' என்று எழுதப்போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. அவர் முதல் நாள் எனக்குச் சொன்னது காதில் ஒலித்தது. ஒன்றும் சேர்க்காதீர்கள். நான் சேர்த்தால் இனி என் மொழிபெயர்ப்பை அவர் எப்படி நம்புவார்? சேர்க்காவிட்டால் இந்தப் பிள்ளைகள் எதைத் தின்னும்? இரண்டில் எது தவறு என்று முடிவு செய்யுமுன்பே எழுந்துவிட்டேன்.

"துவான், நான் மொழிபெயர்ப்பாளராக இல்லாமல் ஒரு விஷயம் சொல்ல அனுமதி வேண்டும்."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் என் முக்காலியைக் காட்டினார். "அங்கே இருந்து சொல்லக் கூடாது. அது மொழிபெயர்ப்பாளர் இடம். இங்கே வந்து நில்லுங்கள்." சாட்சிகள் நிற்கும் இடத்துக்கு வந்து நின்றேன். மற்றவர்களைக் கேட்பதுபோலவே என்னிடமும் உண்மை சொல்வதாக உறுதி வாங்கினார்.

"எங்களில் மனைவி கணவர் பெயரைச் சொல்லமாட்டாள். சொன்னால் அவர் ஆயுளுக்கு ஆகாது என்று நம்புகிறோம். அவளுக்குப் பெயர் தெரியாமல் இல்லை. அவர் சயாமில் இருக்கும்போது அவள் எப்படிச் சொல்வாள்?"

மாரிமுத்துவுக்குச் சந்தை மலாய் நன்றாகவே புரியும். "அதெல்லாம் தோட்டத்துப் பொம்பளைங்க வழக்கம் துவான். படிச்சவங்க சொல்லுவாங்க," என்றார்.

என்சே இட்ரிஸ் என் பக்கம் திரும்பினார். "நீங்கள் படித்தவர்தானே அம்மா. உங்கள் கணவர் பெயர் என்ன?"

கான்வென்ட்டில் கன்னியாஸ்திரிகள் இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நானும் தலையாட்டியிருந்தேன். ஒரு பெயர். மூன்று எழுத்துதான். அவர் போன ரயில் இப்போது எங்கே நிற்கிறதோ, எந்தக் காட்டில் காய்ச்சலாகக் கிடக்கிறாரோ. வாய் திறந்தது, குரல் வரவில்லை. சொல்லிவிட வேண்டும், சொல்லாவிட்டால் அவமானம் என்று என்னையே திட்டிக்கொண்டேன். பின்னும் வரவில்லை. உறுதி கொடுத்துவிட்டுப் பதில் சொல்லாமல் நின்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. கோப்பு அறையில் தொட்டில் ஆடும் சத்தம் கேட்டது.

"போதும்," என்றார் அவர் மெதுவாக. பிறகு மாரிமுத்துவிடம், "இந்த அம்மாவுக்குக் கணவர் உண்டு என்பதில் உனக்குச் சந்தேகமா?" என்றார். மாரிமுத்து இல்லை என்று தலையசைத்தார். "எங்கள் ரெம்பாவில் வீடும் நிலமும் பெண்களுக்குத்தான். ஆண் மனைவி வீட்டுக்கு விருந்தாளி. இதை வெளியூர்க்காரன் நம்பமாட்டான். அதனால் இன்னொருவர் வழக்கத்தை எடுத்த எடுப்பில் நம்ப மறுக்க என்னால் முடியாது. ஆனாலும் முறை முறைதான். பெயரை யாராவது சொல்லியாக வேண்டும். சொல்லக்கூடியவர், இந்த நிலம் கேட்காதவர், இங்கே யார் இருக்கிறார்?"

நான் அதைத் தமிழில் சொல்லவில்லை. சாட்சியாக நின்றேனே தவிர மொழிபெயர்ப்பாளராக இல்லை. அதைக் கவனித்து, "உங்கள் இடத்துக்குப் போங்கள் அம்மா," என்றார். முக்காலிக்குத் திரும்பி வந்து சொன்னேன்.

பின்பெஞ்சில் அஞ்சலை எழுந்தாள்.

"உக்காரு," என்றார் மாரிமுத்து.

"நீ உக்காரு பெரியண்ணே. உனக்காகத்தான் வந்தேன். பேச மாட்டேன்னுதான் வந்தேன்." பிறகு என்னைப் பார்த்தாள். "சொல்லுங்கக்கா துவானுக்கு. எங்க சின்னண்ணன் பேரு காத்தமுத்து. மாரியம்மன் கோயில்ல தாலி கட்டினாரு. மொத முடிச்சு அவரு போட்டாரு. மத்த ரெண்டும் நாத்தனார் முடிச்சு, நான்தான் போட்டேன். பெரியண்ணன்தான் மாலை எடுத்துக் குடுத்துச்சு. இந்தக் கையி போட்ட முடிச்ச இல்லன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?"

ஒன்றும் சேர்க்காமல், ஒன்றும் விடாமல் அதை மொழிபெயர்த்தேன். என் இரண்டு வருட வேலையில் அதைவிடச் சரியாக எதையும் மொழிபெயர்த்ததாக நினைவில்லை.

பாக்கியம் நான்கு எல்லையும் சொன்னாள். மரவள்ளி, சேம்பு, வாழைக்குத்து என்று நட்டதையும் சொன்னாள். என்சே இட்ரிஸ் வழக்கம்போல முதலில் மாரிமுத்துவிடம் பேசினார்.

"என் புள்ளைங்க எதத் தின்னும் துவான்?" என்றார் மாரிமுத்து. அவர் குரலில் அதுவரை இருந்த மிடுக்கு போய்விட்டது.

"அதே ஆற்றோரத்தில் மேட்டுப்பக்கம் புதர் கிடக்கிறது. நாளைக்கு உன் பெயரில் மனு கொண்டு வா. உன் பெயரைச் சொல்வதில் உனக்கு ஒன்றும் தடை இல்லையே."

அதற்குப் பிறகுதான் அவர் அந்த மூன்று வரியை மலாயில் சொல்ல, நான் எழுதினேன். அஞ்சலையின் சாட்சியத்தைத் தனித்தாளில் எழுதினோம். காகிதப் பஞ்சத்தில் பழைய தாள்களின் முதுகில் எழுதிய காலம் அது. அந்தத் தாள் எங்கே போனதோ. அந்த மூன்று வரி மட்டும் மிஞ்சியிருக்கிறது. "துவான், பெயர் சொல்லவில்லை என்று எழுத வேண்டுமா? பின்னால் வருகிறவர்களுக்குப் புரியாதே," என்று நான் தயங்கினேன். "நடந்தது அதுதானே," என்றார்.

கணவர் பெயரை எழுதிக் காட்டியிருக்கலாமே என்று வீட்டுக்கு நடந்து வரும் வழியில்தான் எனக்குத் தோன்றியது. படித்தவளுக்கு அதுகூடத் தோன்றவில்லை. எழுதியிருந்தால் என்சே இட்ரிஸ் என் மௌனத்தைப் பார்த்திருக்க மாட்டார். தோன்றாமல் போனது நல்லதுதானோ என்று பல நாள் புரட்டிப் பார்த்திருக்கிறேன்.

முந்தாநாள் அலுவலகத்துக்குப் போய்ச் சாட்சி சொன்னேன். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். கோப்பு அறையில் மூங்கில் கழி அங்கேயே இருந்தது. பாக்கியமும் அஞ்சலையும் எனக்கு முன்பே வந்து, ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். காத்தமுத்து இன்னும் திரும்பவில்லை. என் கணவரும்தான். புதுத் துரை பொறுமையாகவே கேட்டார். நான் ஆங்கிலத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். அஞ்சலை முடிச்சுப் போட்ட கையை நீட்டி நீட்டிப் பேசினாள். தனபால் அழகாக மொழிபெயர்த்தார். கடைசியில் என் வாக்குமூலத்தின் தலைப்பில் நிரப்ப வேண்டியிருந்தது. இன்னாரின் மனைவி.

"ஹஸ்பண்ட் பேரு அக்கா?" என்று கேட்டுவிட்டுத் தனபால் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவர் கையிலிருந்த பென்சிலை வாங்கி நானே எழுதினேன். துரை என் கையைப் பார்த்தார், அந்தப் பழைய மூன்று வரியை மறுபடி ஒரு முறை படித்தார். அதன் கீழே 'செல்லும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

என்சே இட்ரிஸ் இப்போது ரெம்பாவில் மனைவி வீட்டில் இருக்கிறார். ஜப்பான் காலத்தில் பதவியில் இருந்தவர்களை எல்லாம் விசாரித்து முடித்த பிறகுதான் திரும்ப அழைப்பார்களாம். அவரை விசாரிக்கிறவர்கள் இதையும் படித்தால் நல்லது.

அன்று அலுவலகத்தை விட்டு வெளியே வந்ததும் பாக்கியம் என் பக்கத்திலேயே நடந்தாள். பசார் என்ற சந்தைத் தெருவைத் தாண்டிய பிறகுதான் கேட்டாள்.

"அக்கா, எழுதினா ஒண்ணும் ஆகாதா?"

"எழுதறதுல ஒண்ணும் ஆகாது," என்றேன். எனக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் சொன்னேன்.

சற்று தூரம் நடந்தாள். "அப்ப எனக்கு அந்த ஒரு பேர மட்டும் எழுதக் கத்துக் குடுங்க. மத்ததெல்லாம் வேணாம். அவரு வந்தா காட்டணும்."

சடக்கு ஓரத்தில் மண் ஈரமாக இருந்தது. அங்கேயே குந்தி உட்கார்ந்தோம். மகள் ஒரு மரவள்ளிக் குச்சியை எடுத்து வந்து கொடுத்தாள். முதல் எழுத்தை நான் போட்டுக் காட்டினேன். அதன் மேலேயே பாக்கியம் மெதுவாக, வாயை இறுக மூடிக்கொண்டு, குச்சியை இழுத்தாள்.